இடாப்பில் "குடும்ப வறுமை" என்று எழுதிவிட்டால் போதுமா? – வன்னியில் மாணவிகளின் இடைவிலகலும் சாதியும்

கேள்வி கேட்டவர்: குளக்கட்டு ஆசிரியை

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தின் உட்பகுதியில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் குடியேற்றக் கிராமம் ஒன்றிலுள்ள வகை 2 பாடசாலையில் வரலாறும் குடியியலும் கற்பிக்கிறேன். எங்கள் பாடசாலையில் வகுப்புகள் தரம் 11 உடன் முடிந்துவிடுகின்றன. உயர்தரத்தில் கலைப்பிரிவு கற்க விரும்பும் பிள்ளை அடுத்த கிராமத்து 1சி பாடசாலைக்கும், விஞ்ஞானமோ கணிதமோ கற்க விரும்பும் பிள்ளை நகரத்து 1ஏபி பாடசாலைக்கும் போகவேண்டும். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்காக நான் செய்யவேண்டிய ஆய்வுக்கு, சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரோ, அதை எழுதிய கையோடோ படிப்பை விட்டுவிடும் மாணவிகளைப் பற்றி எழுத எண்ணியிருக்கிறேன்.

அதற்காகக் கடந்த சில ஆண்டுகளின் சேர்வு இடாப்பை எடுத்துப் பார்த்தேன். விலகியமைக்கான காரணம் என்ற நிரலில், "குடும்ப வறுமை" அல்லது "பெற்றோரின் அக்கறையின்மை" என்ற இரண்டில் ஒன்றுதான் ஏறத்தாழ எல்லாப் பெயர்களுக்கும் எதிரே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதே பக்கத்தில் முகவரியையும் சேர்த்து வாசித்தபோது வேறொன்று தெரிந்தது. விலகிய மாணவிகளில் மிகப் பெரும்பாலானோர் வாய்க்கால் நீர் ஏறாத மேட்டுநிலத்தில், கால் ஏக்கர், அரை ஏக்கர்த் துண்டுகளில் குடியிருக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். அங்கே வசிப்பவர்கள் இரண்டு வகையினர். ஒரு பகுதியினர் மலையகத்திலிருந்து வன்செயல்களால் துரத்தப்பட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். மற்றப் பகுதியினர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வயல்வேலைக்கு வந்து தங்கிய, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த குடும்பத்தினர். வாய்க்காலின் மறுபுறத்தில் வயற்காணி உள்ள வீடுகளிலும் போருக்குப் பிறகு பணத்தட்டுப்பாடு இருக்கிறது, கடன் இருக்கிறது, தந்தையை இழந்த குடும்பங்களும் இருக்கின்றன. ஆயினும் அந்த வீடுகளின் மகள்மார் எப்படியோ உயர்தரம் வரை போய்விடுகிறார்கள்.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது, மூத்த ஆசிரியை ஒருவர் அன்பாகவே, "ரீச்சர், அதை ஏன் கிளறுகிறீர்கள்? அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அப்படித்தான்" என்றார். "அந்தப் பக்கம்" என்ற சொல்லை எங்கள் ஊரில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உண்டு. இந்த மாணவிகள் விலகுவது பெண் என்பதாலா, சாதியாலா, வறுமையாலா என்று பிரித்தறிய முடியுமா? அடுத்தது, பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ சாதியைக் கேட்பது பண்புமல்ல, பாதுகாப்புமல்ல என்ற நிலையில் இதை எப்படி ஆராய்வது? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

---

பதில்: ஓய்வுநிலை அதிபர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கேள்வியை வாசித்தபோது முதலில் மனத்தில் தோன்றியது என்னுடைய கையெழுத்துத்தான். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். "குடும்ப வறுமை" என்று அந்த நிரலில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அது பொய்யும் அல்ல. ஆனால் மேலதிகாரி திரும்பக் கேள்வி கேட்காத காரணம் அது என்பதையும் நான் அறிந்தே எழுதினேன்.

இதன் பழைய கதையை இளையவர்கள் அறிந்திருக்கவேண்டும். 1848ஆம் ஆண்டில் புனே நகரத்தில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளையும் அடுத்தடுத்துத் தங்கள் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தார்கள். அதே 1848ஆம் ஆண்டில்தான் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தமிழுக்கும் சைவத்துக்கும் நாவலர் செய்த பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சாதி ஒழுங்கை அவர் கேள்விக்கு உட்படுத்தவில்லை, எங்கள் சைவப் பாடசாலைகள் அந்த ஒழுங்குக்குள்ளேயே வளர்ந்தன. மிசன் பாடசாலைகள் வாசலைச் சற்று அகலத் திறந்தன என்பதும், திறந்த வாசலுக்குள்ளும் சில பிள்ளைகள் வாங்கில் அல்லாமல் நிலத்தில் இருத்தப்பட்டார்கள் என்பதும் உண்மை. 1920களின் பிற்பகுதியில் பாடசாலையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கவும் ஒன்றாக உண்ணவும் வேண்டும் என்ற சம ஆசனம், சம போசனம் கோரிக்கைகள் எழுந்தன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசினர் அவற்றுக்கு ஆதரவாக நின்றார்கள். ஒரே வாங்கில் எல்லோரும் இருக்கலாம் என்று ஆனபோது சில பாடசாலைகள் இரவோடிரவாகக் கொளுத்தப்பட்டன. பிள்ளை இருப்பதற்கு ஒரு வாங்கைக் கொடுப்பதிலும் பார்க்கப் பள்ளியை எரிப்பது மேல் என்று நினைத்த ஊர்கள் நம்முடையவை.

அதன் பின்னர் 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து, சாதி காரணமாகக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுப்பதையும் குற்றமாக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஒடுக்கப்பட்ட சாதித் தமிழருக்காக இயங்கிய சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற அமைப்புகள் போராடிப் பெற்ற பாடசாலைகளும் உண்டு. இவ்வளவும் நடந்ததால் சட்டத்தின் பார்வையில் பள்ளியின் வாசல் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

வன்னிக்கு வருவோம். இங்கே பெரும்பாலான குடியேற்றங்களில் எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள். ஆகவே சாதி இங்கே யாழ்ப்பாணத்துக் கிராமங்களைப் போல ஒழுங்கை ஒழுங்கையாக எழுதப்பட்டிருக்கவில்லை. அதற்குப் பதிலாக "சொந்த ஊர் எது?", "எந்தக் கோயிலடி?" என்று இரண்டு கேள்விகள் போதும். என் பாடசாலையில் வாங்கில் வேறுபாடு இருந்ததில்லை. ஆனால் மதிய உணவுத் திட்டத்தில் தாய்மார் முறைவைத்துச் சமைத்தபோது, சில வீடுகளின் பெயர் அந்த முறைப்பட்டியலில் ஏறவே இல்லை. "அவர்களுக்குக் கூலிவேலை, நேரம் இல்லை" என்று எனக்குச் சொல்லப்பட்டது; நானும் நம்பினேன், அல்லது நம்புவது வசதியாக இருந்தது. பின்னர் ஒரு நாள் அந்த வீட்டுத் தாய் ஒருவர் தாமாக முன்வந்து சமைத்தபோது, வழக்கமாகச் சாப்பிடும் பிள்ளைகளில் பலர் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டார்கள். ஒரே நாளில் அத்தனை வயிற்றுவலி.

நீங்கள் பிரித்தறிய முடியுமா என்று கேட்கிறீர்கள். என்னால் முடியவில்லை. போரின் இறுதி ஆண்டுகளில் ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு அவசரத் திருமணம் செய்துவைத்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். அச்சம் எல்லா வீட்டுக்கும் பொதுவாகவே இருந்தது; ஆனால் அதன் பிறகு மீண்டும் பள்ளிக்கு வந்து படிப்பைத் தொடர்ந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், அவர்கள் "அந்தப் பக்கத்து" மகள்மார் அல்லர்.

---

பதில்: பாலைநிழல்

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது புலம்பெயர்ந்து வாழ்பவன். ஆசிரியை மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை; ஆனால் இந்த ஆய்வினால் நன்மையிலும் பார்க்கத் தீமையே கூடுதலாக விளையும் என்று அஞ்சுகிறேன். போர்க்காலத்தில் வன்னியில் சாதியைச் சொல்லி ஒருவரும் ஒருவரை ஒதுக்க முடியாதிருந்தது. முள்ளிவாய்க்காலில் யார் என்று பாராமல் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தோம். செட்டிகுளத்து முகாமில் ஒரே வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தோம். இளைய தலைமுறைக்கு மறந்துபோகக்கூடிய ஒன்றை நீங்கள் ஆய்வு என்ற பெயரில் பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது.

இரண்டாவதாக, இலங்கையில் பெண்கள் கல்வியில் பின்தங்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. பல்கலைக்கழகங்களில் இன்று மாணவர்களை விட மாணவிகளே கூடுதல். பொறியியல் போன்ற ஓரிரு துறைகளைத் தவிர எங்கும் அவர்களே முன்னிற்கிறார்கள். கிராமத்துப் பாடசாலைகளில் இடையில் நிற்பவர்களில் ஆண்பிள்ளைகளும் நிறைய உண்டு. மண் ஏற்றவும், மேசன் வேலைக்கும், கடலுக்கும் போகும் பையன்களைப் பற்றி யாரும் ஏன் ஆய்வு செய்வதில்லை?

---

பதில்: மேட்டுக்காணி

பாலைநிழல் அண்ணைக்கும் ஆசிரியைக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் ஆசிரியை சொல்கின்ற "அந்தப் பக்கத்தில்" பிறந்தவள். அது அதே கிராமம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் வாய்க்காலும் மேட்டுநிலமும் ஒன்றுதான். என் அப்பம்மா 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர், தேயிலைத் தோட்டத்து லயன் அறையிலிருந்து நான்கு பிள்ளைகளுடன் வன்னிக்கு வந்தவர். நாங்கள் பிறந்தது வன்னியில், படித்தது வன்னியில், செத்ததும் வன்னியில். ஆனாலும் பள்ளிக்கூட முற்றத்தில் "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு ஏழு வயது. செட்டிகுளத்தில் ஒரே வரிசையில் தண்ணீர் பிடித்தோம் என்பது உண்மைதான், அண்ணை. ஆனால் முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது, வயல் உள்ளவர் வயலுக்குத் திரும்பினார், நாங்கள் அந்த வயலுக்குக் கூலிக்குத் திரும்பினோம். யாரும் எங்களுக்குச் சாதியை நினைவூட்டவேண்டியதில்லை. அதை நாங்கள் மறக்கும்படியாக ஒரு நாளும் நடந்ததில்லை.

பெண் என்பதும் சாதி என்பதும் எப்படிச் சேர்கின்றன என்று ஆசிரியை கேட்டதற்கு என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். தரம் 10 படிக்கும்போது என்னுடன் ஒரே மேசையில் இருந்தவள் வயற்காணிக்காரரின் மகள். எங்கள் இருவரையும் பற்றி ஒரே மாதத்தில் கதை எழுந்தது; யாரோ பையன் கடிதம் கொடுத்தான், யாரோ அதைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இரண்டு வீட்டிலும் ஒரே அச்சம்: பிள்ளை சாதி மாறிப் போய்விடுவாள், ஊர் சிரிக்கும். அவளுடைய அப்பா அடுத்த வாரமே அவளை யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் கொண்டுபோய் விட்டு, அங்கே பெயர்பெற்ற பாடசாலையில் சேர்த்தார். அவள் இன்று வைத்தியர். என் அப்பாவுக்கு நகரத்தில் மாமியும் இல்லை, சித்தியும் இல்லை. இருந்த உறவெல்லாம் இதே மேட்டுநிலத்தில், அல்லது வவுனியாவில் இதே போன்ற இன்னொரு மேட்டுநிலத்தில். ஆகவே எங்கள் வீட்டில் கண்ட வழி, எனக்கு மாப்பிள்ளை பார்ப்பது. பெண்ணைக் கட்டுக்குள் வைக்கவேண்டும் என்ற எண்ணம் இரண்டு வீட்டிலும் ஒன்றாகவே இருந்தது. அந்த எண்ணமே அவளை நல்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்தது.

நான் தப்பியது தற்செயலால். என் தாயார் பிடிவாதமாக நின்றார். பக்கத்து ஊரில் அருட்சகோதரிகள் நடத்திய பெண்கள் இல்லம் ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கிருந்து கலைப்பிரிவு படித்தேன். விஞ்ஞானம் படிக்க விருப்பம் இருந்தது. அதற்குரிய பாடசாலைக்கு அருகில் இல்லம் இல்லை. "விருப்பப்பட்டுக் கலைப்பிரிவு எடுத்தவர்கள்" என்ற கணக்கில் நானும் ஒருத்தியாக இருப்பேன்.

பல்கலைக்கழகத்தில் பெண்கள் கூடுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான், ஆனால் என் பீடத்தில் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்துப் பெண்கள் எத்தனை பேர் என்று நான் தேடிப்பார்த்தேன். தேடுவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பையன்களைப் பற்றிச் சொன்னதையும் நான் மறுக்கமாட்டேன். என் அண்ணன் தரம் 9இல் நின்றுவிட்டான், உழவு இயந்திரத்தில் மண் ஏற்றப் போனான். வீட்டில் இருந்த ஒரேயொரு சைக்கிளும் அவனுடன் போனது. அவன் நின்றதால் வந்த கூலியில்தான் எனக்குக் கொப்பி வாங்கினார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: அவன் முப்பது வயதில் விரும்பினால் ஏதாவது தொழிற்பயிற்சிக்குப் போகலாம், போயும் இருக்கிறான். என்னோடு படித்து, பதினேழு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவள் இன்று கணவன் விட்டுப்போன நிலையில், நுண்நிதிக் கடனுக்குக் கிழமைக் காசு கட்டுவதற்காக விடியப்புறம் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறாள். அவளுக்குத் திரும்பிவரும் வழி இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், ஆசிரியை கோபிக்கக் கூடாது. காலையில் வகுப்பறை கூட்டுவதற்கு முறை உண்டு. ஆனால் மலசலகூடம் கழுவ ஆள் தேவைப்படும்போது ஆசிரியரின் கண் எந்த மாணவிகளின் மீது விழுகிறது என்று ஒரு தவணை முழுவதும் கவனித்துப் பாருங்கள். பையன்களைக் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அது பெண்ணின் வேலை. வாய்க்காலுக்கு மறுபுறத்துப் பெண்பிள்ளைகளையும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அவர்களின் தாய்மார் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார்கள். மீதி யார் என்று சொல்லத் தேவையில்லை.

---

பதில்: புள்ளிவிபரக் கட்டு

கல்வித் திட்டமிடல் தொடர்பான வேலையில் இருப்பதால், ஆசிரியையின் இரண்டாவது ஐயத்துக்கு என்னால் ஓரளவு பதில் சொல்லமுடியும். முதலாவதுக்கு மேட்டுக்காணி அவர்கள் சொன்ன இரண்டு வீட்டுக் கதையே போதும்; ஆனால் அதற்கு ஆய்வுலகில் வழங்கும் ஒரு விளக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மேற்பார்வையாளர் கேட்பார். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையில், 1976ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்கு எதிராகக் கறுப்பினப் பெண்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, ஆகவே பால் அடிப்படையிலான பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம்; இனப் பாகுபாடு என்றால் அதை ஏற்கெனவே இருந்த மற்ற வழக்குடன் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையினத்தவர் என்பதும், கறுப்பினப் பெண்ணுக்கு நேர்ந்தது இரண்டு கணக்கிலும் அகப்படாமல் நழுவுகிறது என்பதும்தான் கிரென்ஷாவின் வாதம். பாலைநிழல் அவர்கள் சொன்ன "பல்கலைக்கழகத்தில் பெண்கள் கூடுதல்" என்ற கூற்றும் அப்படித்தான். அது உண்மையாக இருந்துகொண்டே மேட்டுநிலத்து மாணவியை மறைக்கிறது.

எங்கள் நாட்டில் மறைப்பது இன்னும் எளிது. தமிழ்நாட்டில் சாதிச் சான்றிதழ் இருக்கிறது, 69 வீத இடஒதுக்கீடு இருக்கிறது, பட்டியல் சாதி மாணவிகள் எத்தனை பேர் எந்த வகுப்பில் நின்றார்கள் என்று அரசையே கேட்கலாம். இலங்கையின் சனத்தொகைக் கணக்கெடுப்பு இனத்தையும் மதத்தையும் கேட்கிறது, சாதியைக் கேட்பதில்லை. அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை சாதி அடிப்படையிலும் பால் அடிப்படையிலும் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. ஆனால் காட்டப்பட்டதா என்று அளந்து பார்க்க ஒரு நிரல் கூட எந்தப் படிவத்திலும் இல்லை. அந்த நிரல் வேண்டும் என்று நான் வாதாடமாட்டேன். தவறான கைகளில் அது என்னவாகும் என்பது எனக்கும் தெரியும்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற ஒழுங்கு இருக்கிறது. பின்தங்கியவை என்று கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அடக்கம். இதனால் வன்னிக்கு நன்மை உண்டு, ஐயமில்லை. ஆனால் வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி, மாவட்டத்தை ஓர் அலகாகத்தான் பார்க்கிறது. மாவட்டத்துக்குள் நகரத்து 1ஏபி பாடசாலைக்குப் போய், மாலையில் தனியார் கல்வி நிலையத்துக்கும் போகக்கூடிய பிள்ளையும், மேட்டுநிலத்திலிருந்து காட்டுப்பாதையில் யானைக்குப் பயந்து பேருந்துத் தரிப்பிடத்துக்கு வரும் பிள்ளையும் அதே வெட்டுப்புள்ளிக்கே போட்டியிடுகிறார்கள்.

தரம் 1 அனுமதியும் இப்படித்தான். பெயர்பெற்ற பாடசாலைகளில் அயலில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம், அங்கே ஏற்கெனவே கற்போரின் சகோதரருக்கு 15 வீதம் என்று சுற்றுநிருபத்தில் நெடுங்காலம் இருந்துவந்தது. அதில் சாதி என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் பாட்டனை வாங்கில் இருத்தாத பாடசாலையில் தந்தை பழைய மாணவராக எப்படி இருப்பார்? வதிவிடத்தை நிறுவக் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ வேண்டும்; பத்திரமில்லாத துண்டுக்காணியில் முப்பது ஆண்டு வாழ்ந்தவருக்கு அதுவும் இல்லை. பெண்ணின் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்: 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், காணி அடுத்து யாருக்குச் சேரும் என்று (பின்னுரித்தாளர்) பெயரிடப்படாதபோது ஆண்வழிக்கே முன்னுரிமை இருந்தது; 2022இல்தான் அது திருத்தப்பட்டது. கணவனை இழந்த தாய் காணிப் பத்திரத்தில் தன் பெயர் இல்லாமலேயே பாடசாலை அலுவலகத்தின் முன் நின்ற காட்சிகளை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே, சாதியைக் கேட்காமல் ஆராய வழி இருக்கிறது. காணிக்குப் பத்திரம் இருக்கிறதா, அந்தக் காணிக்கு வாய்க்கால் நீர் ஏறுகிறதா என்று கேளுங்கள். தாய் எத்தனையாம் தரம் வரை படித்தார் என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, மேட்டுக்காணி அவர்களின் கதையிலிருந்து எனக்குக் கிடைத்த கேள்வி இது: "மகள் நகரத்தில் தங்கிப் படிப்பதானால், நீங்கள் நம்பி விடக்கூடிய வீடு ஒன்று அங்கே இருக்கிறதா?" இதற்கு யாரும் வெட்கப்படமாட்டார்கள், கோபிக்கவும்மாட்டார்கள்; ஆனால் அகமணத்தால், அதாவது சாதிக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கத்தால், கட்டப்பட்ட ஒரு சமூகத்தில் இதற்கான விடையில் சாதி தானாகவே வந்து நிற்கும். அதே கேள்வியை மகனைப் பற்றியும் கேளுங்கள். இரண்டு விடைகளுக்கும் உள்ள இடைவெளியில் பால் வேறுபாடு தெரியும். எண்ணிக்கை சிறிது என்பதால் கிராமத்தின் பெயரையும் ஆண்டையும் ஆய்வில் குறிப்பிடாதீர்கள். சிறிய ஊரில் "மேட்டுநிலத்து மாணவி, தரம் 11" என்றாலே அவள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

---

பதில்: குளக்கட்டு ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதச் சில நாட்கள் எடுத்ததற்கு மன்னிக்கவேண்டும். வீடுகளுக்குப் போய்வந்த பிறகே எழுத விரும்பினேன்.

நம்பி விடக்கூடிய வீடு பற்றிய கேள்வியை இதுவரை வாய்க்காலின் இரண்டு பக்கமும் சில வீடுகளில் கேட்டுவிட்டேன். வயற்பக்கத்தில் ஒரு தாய் உடனேயே மூன்று வீடுகளைச் சொன்னார்: திருநெல்வேலியில் தமையன், கிளிநொச்சி நகரில் ஒன்றுவிட்ட தங்கை, வவுனியாவில் கணவரின் பெரியம்மா. மேட்டுநிலத்தில் ஒரு தந்தை நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "இருக்கிறது ரீச்சர், ஆனால் அவர்கள் வீட்டிலும் ஒரு அறைதான்" என்றார். மகனைப் பற்றிக் கேட்டபோது, "அவன் எங்கேயும் கிடப்பான்" என்று இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரியான விடை வந்தது.

பாலைநிழல் அவர்களுக்கு: உங்கள் அச்சத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாணவர்களிடம் எதுவும் கேட்பதில்லை என்றும், வகுப்பறையில் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். பையன்களையும் ஆய்வில் சேர்த்துக்கொள்கிறேன். அது உங்களால் வந்த மாற்றம்.

மேட்டுக்காணி அக்காவுக்கு: நீங்கள் சொன்னபடி மலசலகூடத்தைக் கவனிக்கத் தவணை முழுவதும் தேவைப்படவில்லை, இரண்டு கிழமை போதுமாக இருந்தது. அதிலொரு நாள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அனுப்பியது நான்தான். யோசிக்காமல்தான் சொன்னேன். இப்போது எல்லா வகுப்புகளுக்கும், ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்து, முறைப்பட்டியல் ஒன்று எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒட்டிய மறுநாளே ஒரு பெற்றோர் அதிபரைச் சந்திக்க வந்துவிட்டார்.

ஓய்வுநிலை அதிபர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். இடப்பெயர்வுக்கு முந்திய இடாப்புகள் எங்கள் பாடசாலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. நீங்கள் பணியாற்றிய காலத்தில் விலகிய மாணவிகள் யார், எந்தப் பகுதியினர் என்று நினைவிலிருந்து சொல்லமுடியுமானால், பெயர்கள் இல்லாமல் எழுதி அனுப்புங்கள்.

மேட்டுநிலத்து மாணவி ஒருத்தியின் தந்தை நேற்று விடுகைப் பத்திரம் கேட்டு வந்தார். அவள் சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. கணிதத்தில் வகுப்பில் முதலாவது. கட்டாயக் கல்வி வயது 2016இலிருந்து பதினாறு என்று அதிபர் அவருக்கு எடுத்துச் சொன்னார். பிள்ளைக்கு அடுத்த மாதம் பதினாறு முடிகிறது என்பதை அவரும் அறிந்தே வந்திருந்தார். பெண்கள் இல்லத்தில் இடம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதாகக் கூறி, திங்கட்கிழமை வரச்சொல்லி அனுப்பியிருக்கிறோம். படிவம் என் மேசையில் இருக்கிறது. காரணம் என்ற நிரலை அதிபரும் நானும் இன்னும் நிரப்பவில்லை.

மேட்டுக்காணி அக்கா, நீங்கள் இருந்த இல்லம் இப்போதும் பிள்ளைகளைச் சேர்க்கிறதா? தயவுசெய்து தனிமடலில் எழுதுங்கள்.